‘நான் போறேன்’ என்று ஒரு பட்டன்

அந்த இரண்டு வார்த்தைகளை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ கதை பண்ணுகிறேன் என்று நினைப்பீர்கள்.

காரைக்குடியில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு மூன்று வருடம் ஒரு ஃபோன் விளையாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். அதற்கு முன் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அந்தத் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக் கம்பெனி அதைவிட நன்றாகக் கொடுத்தது. போனேன். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

விளையாட்டு இதுதான். ஒரு சக்கரம் சுற்றும். நாணயம் வைத்துச் சுற்ற வேண்டும். ஜெயித்தால் இன்னும் நாணயம் வரும், தீர்ந்துபோனால் நிஜக் காசு கொடுத்து நாணயம் வாங்க வேண்டும். வாங்கிய நாணயத்தைத் திரும்பக் காசாக்க முடியாது. அதனால் இது சூதாட்டம் இல்லை என்று கம்பெனியில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். காசு உள்ளே போகும், வெளியே வரவே வராது, ஆகவே சூது இல்லை. சூதாட்டத்திலாவது பத்துப் பேர் இழந்தால் ஒருத்தன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். இதில் அதுவும் கிடையாது. இந்த அயோக்கியத்தனம் எனக்கு முதல் மாதமே விளங்கியது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

என் வேலை ஒரு ஷீட்டை நிரப்புவது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் என் தமிழ். ஒவ்வொரு வாசகத்தையும் இரண்டு மூன்று விதமாக எழுதித் தர வேண்டும். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று போகும், மீதிப் பேருக்கு இன்னொன்று. எதைப் படித்தவர்கள் கூடுதல் நேரம் ஆடினார்களோ அது நிலைக்கும், மற்றது குப்பைக்குப் போகும். அந்த ஆபீஸில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. என் தமிழ் சரியா தப்பா என்று மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வரைபடத்தில் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா, அதை மட்டும் பார்ப்பார்கள்.

ஒரு நாள் மேனேஜர் வீடியோவில் கூப்பிட்டார், நாங்கள் பேசுவது எப்போதும் ஆங்கிலத்தில்தான். பெங்களூரில் இருப்பவர், என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையான மனிதர். ‘கணக்கை நீக்கு’ என்ற பட்டனை நிறையப் பேர் அமுக்குகிறார்களாம். குறைக்க வேண்டுமாம். வேறு மாதிரி எழுதித் தாருங்கள் என்றார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சை முடித்தால் போதும் என்று விளையாட்டாகச் சொன்னேன்: “‘நான் போறேன்’னு போடுங்க சார். எங்க ஊர்ல ஒருத்தரும் அமுக்க மாட்டாங்க.”

“ஏன்?”

“வீட்டை விட்டுக் கிளம்புறப்ப நாங்க ‘போறேன்’னு சொல்ல மாட்டோம். ‘போயிட்டு வாரேன்’னுதான் சொல்லுவோம். ‘போறேன்’னா ஒரேயடியாப் போறதுன்னு அர்த்தம். சாவுப் பேச்சு.”

“படித்தவர்கள்கூடவா?”

“நான்கூடத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. “மேடம், இதைச் சோதித்துப் பார்ப்போம்” என்றார்.

பார்த்தார்கள். மூடுகிற பக்கத்தில் இரண்டு பட்டன்கள் வந்தன. பெரிதாக, பச்சையாக, ‘போயிட்டு வாரேன்’. அதை அமுக்கினால் விளையாட்டு அப்போதைக்கு மூடும், வேறு ஒன்றும் ஆகாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில், ‘நான் போறேன்’. அதுதான் கணக்கையே அழிப்பது. பச்சையை அமுக்கியவர்களுக்கு மறுநாள் ஒரு மெசேஜ் போகும். அதையும் நான்தான் எழுதினேன். மற்ற மாவட்டங்களுக்கு ஒரு மாதிரி, நம் பக்கத்துக்கு நம் பேச்சிலேயே: ‘வாரேன்னு சொல்லிட்டுப் போனீகளே, இன்னும் காணோமே?’

கணக்கை அழிக்கிறவர்களின் கோடு கிணற்றில் கல் போட்டது மாதிரி விழுந்தது. மேனேஜர் அதை ஆபீஸ் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினார். திரையில் கை தட்டினார்கள். ஒரு பெட்டியில் பனியனும் காப்பிக் கோப்பையும் அனுப்பிவைத்தார்கள். அந்தக் கோப்பையில் நான் காப்பி குடித்தேன். பெருமையாகக் குடித்தேன்.

என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, கண்டரமாணிக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சர். அண்ணன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கிறார். அவர் ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலத்தை மதினியிடம் சேர்க்க ஒரு மதியம் அங்கன்வாடிக்கே போனேன். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உதவியாளர் அக்கா வாசல் பக்கம் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். மதினி சுவரில் சாய்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்ததும் தெரியவில்லை. அப்போது ஃபோன் ‘டிங்’ என்றது. எட்டிப் பார்த்தேன்.

‘வாரேன்னு சொல்லிட்டுப் போனீகளே, இன்னும் காணோமே?’

என் வாக்கியம். கேள்விக்குறி உட்பட என்னுடையது.

“மதினி, இது எப்ப இருந்து?”

தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். “ஏத்தா, நீயா? எப்ப வந்த? எது எப்ப இருந்து?”

“இந்தச் சக்கரம்.”

“அது சும்மா, பிள்ளைக தூங்குற நேரம் கொஞ்சம்.”

“கொஞ்சமாம்ல!” என்றார் சட்டி தேய்த்த அக்கா, திரும்பிப் பார்க்காமலே. “சூப்பர்வைசர் மேடம் வந்து வாசல்ல நின்னதே தெரியல டீச்சருக்கு. அவுக பாட்டுக்கு நிக்கிறாக, இவுக பாட்டுக்குச் சுத்துறாக.”

மதினி மறைக்கத் தெரியாதவர். கேட்டதும் கொட்டிவிட்டார். அங்கன்வாடியில் மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து எடையை அரசாங்க ஃபோனில் பதிய வேண்டும். போன மாதம் மதினி ஒரு பிள்ளையையும் நிறுக்கவில்லை. அதற்கு முந்தின மாத எடையை அப்படியே போட்டுவிட்டார். சூப்பர்வைசர் வந்த அன்று சந்தேகப்பட்டு நாலு பிள்ளைகளைத் தூக்கி மெஷினில் நிறுத்தியிருக்கிறார். ஒரு பெண் குழந்தை நன்றாக இளைத்திருந்தது. பதிவில் அது இளைக்கவே இல்லை. பத்து நாளில் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அப்போது மதினி மேல்தான் வந்தது. “உங்களுக்கு அறிவிருக்கா மதினி? எடுத்துத் தூரப் போட வேண்டியதுதானே?”

“போட்டேன்த்தா. மூணு தடவை ஃபோன்ல இருந்து எடுத்தேன். மறுநாள் டாண்ணு இதே நேரத்துக்கு என் நம்பருக்கே மெசேஜ் வருது. ‘வாரேன்னு சொன்னீகளே’ங்குது. சொன்னது நாந்தானே? அதுவும் எம்புட்டு மரியாதையாக் கேக்குது. ஒங்கண்ணன்கூட என்னைய இப்படிக் கேட்டதில்ல. அதை அமுக்குனா மறுபடி உள்ள வந்து நிக்குது, விட்ட இடத்துலயே.”

“கணக்கையே மூடணும். அப்பத்தான் நிக்கும்.”

“மூடுற இடத்துக்கும் எத்தனையோ தடவை போயிட்டேன். அங்க என்ன போட்டிருக்குன்னு தெரியுமா உனக்கு?”

கொண்டுவந்த பொட்டலத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

“‘நான் போறேன்’னு போட்டிருக்கு. ஒங்கண்ணன் கடல் தாண்டி அம்புட்டு உயரத்துல தொங்கிக்கிட்டு வெல்டிங் அடிக்கிறாரு. நான் இங்க உக்காந்துக்கிட்டு ‘போறேன்’னு அமுக்கவா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? எந்தப் பாவி எழுதுனானோ, அவன் வெளங்குவானா?”

“அவன் இல்ல மதினி. நான்.”

சட்டி தேய்க்கிற சத்தம் நின்றது. மதினி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். “‘போனீக’ன்னு வரும்போதே நினைச்சேன், இது நம்ம பக்கத்து ஆளுன்னு. நம்ம வீட்டு ஆளுன்னு நினைக்கல” என்றார்.

பிறகு எடை மெஷினைக் காட்டிக் கேட்டார். “நானும்தான் ஃபோன்ல எழுதுறேன். எந்தப் பிள்ளை வரல, எது சாப்பிடல, எது இளைச்சிருக்குன்னு எல்லாம் எழுதுறேன். எதுக்கு? இளைச்ச பிள்ளை எதுன்னு தெரிஞ்சா அதுக்குக் கூட ஒரு முட்டை வைக்கத்தான். உங்க ஆபீஸ்லயும் ஆடுறவுகள்ல யாரு இளைச்சிருக்கான்னு பாக்குறீகள்ல? பாத்துட்டு என்னத்தா பண்றீக?”

இந்த விஷயத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் ஆங்கிலத்தில் எழுதியதை எல்லாம் பிற்பாடு படித்தேன். ஒருவரும் இவ்வளவு சரியாகக் கேட்கவில்லை. ஃபோனைக் கொடுங்கள், நான் அமுக்குகிறேன் என்றேன். “நீ மட்டும் யாரு வீட்டுப் பொண்ணு? ‘போறேன்’னு நீ சொன்னா மட்டும் நல்லதா?” என்று ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். என்னைத் திட்டுகிறாரா காப்பாற்றுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் உடனே, “உங்கள் மதினியின் எண்ணை அனுப்புங்கள் மேடம், நாங்களே நீக்கிவிடுகிறோம்” என்றார்.

“மத்தவங்களுக்கு?”

“அது நன்றாக வேலை செய்கிறதே. நாம் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.”

மெசேஜ் ஏன் சரியாக மதியம் வருகிறது என்று கேட்டேன். ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் ஃபோனைச் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று மெஷின் பழகி வைத்திருக்கும், அந்த நேரம் பார்த்து அனுப்பும் என்றார். “அது பிள்ளைகள் தூங்குற நேரம் சார்.” “அதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது மேடம். அதற்கு நேரம் மட்டும்தான் தெரியும்.” தெரியாமல் இருப்பது ஏதோ நல்ல குணம் என்பது மாதிரி சொன்னார். இன்னொன்றும் சொன்னார். மூடுகிற பக்கம் வரை வந்து அமுக்காமல் திரும்புகிறார்களே, அவர்கள்தான் ரொம்ப நாள் தங்குகிற ஆட்களாம். அதனால் அப்படித் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு இலவசமாக நாணயம் போடச் சொல்லி மெஷினில் வைத்திருக்கிறார்களாம்.

என் மதினி தப்பிக்க நினைத்து வாசல் வரை போய்ப் பயந்து திரும்பிய ஒவ்வொரு தடவையும் அவர் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாசலில் பயத்தைக் கொண்டுபோய் வைத்தது நான். எண்ணை அனுப்பவில்லை. ஃபோனை வைத்துவிட்டேன்.

மதினியிடம் கேட்டேன், உங்களுக்கு மட்டும் எடுத்துத் தருகிறார்களாம், வேண்டுமா என்று. “என்னைய மட்டும் இறக்கி விட்டுட்டு வண்டி போயிருமா?” என்றார். “இங்க வர்ற தாய்மார்ல பாதிப் பேரு இதைத்தான் ஆடுறாக. ரெண்டு பேருக்கு நானே காட்டிக் கொடுத்தேன், பாவி. நீதானே எழுதுன? நீயே மாத்து.”

மாற்றினேன்.

ஷீட்டில் நான் எழுதுவது திங்கட்கிழமை காலையில் தானாகவே எல்லோருடைய ஃபோனுக்கும் போய்விடும். படித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை என்றேனே, அதுதான் அவர்கள் கோட்டையில் இருந்த ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தேன். ‘நான் போறேன்’ என்பதை அழித்தேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று யோசித்தேன். ‘நிறுத்து’ என்றால் அதட்டுகிற மாதிரி இருந்தது. ‘விடைபெறுகிறேன்’ மேடைப் பேச்சு. நம் பக்கத்து விருந்துக்குப் போயிருந்தால் தெரியும், இலையில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். எழுந்து ஓட முடியாது, கோபிக்கவும் முடியாது. கையை இலைக்கு மேல் நீட்டி ஒரு வார்த்தை சொல்லலாம். அதைச் சொன்னால் ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஒருவருக்கும் கெடுதலும் வராது. ‘போதும்’ என்று எழுதினேன்.

பச்சைப் பட்டனில் ‘இன்றைக்கு மட்டும் மூடு’ என்று உண்மையைப் போட்டேன். மறுநாள் மெசேஜை இப்படி மாற்றினேன்: ‘நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. கணக்கை மூட இங்கே அமுக்குங்கள், பிறகு ‘போதும்’ என்பதை அமுக்குங்கள்.’ நம் மாவட்டத்துக்கு மட்டும் இல்லை, தமிழில் ஆடுகிற அத்தனை பேருக்கும். எதை எடுத்தேன், எதைப் போட்டேன், ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதி அனுப்பினேன். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. மூன்று வருடத்தில் நான் அவர்களுக்குச் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அதுதான், அதை ஒளித்துவைக்க எனக்கு என்ன அவசியம்?

திங்கட்கிழமை அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் சத்துமாவு வாங்க வந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் தூங்கிய நேரம், மதினி ஃபோன் ‘டிங்’ என்றது. எடுத்தார். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். உள்ளே போனார். விரலைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“போதும்னு போட்டிருக்குத்தா” என்றார் என்னிடம்.

“அமுக்குங்க மதினி.”

“அமுக்குங்க டீச்சர்” என்றார் உதவியாளர் அக்கா. “வேண்டாத மாப்பிள்ளைக்குத் தாம்பூலம் மாத்துற மாதிரி எதுக்கு இம்புட்டு யோசனை?”

அமுக்கினார். நிச்சயமா என்று ஒரு தடவை கேட்டது. ‘ஆமாம்’ என்பதை அமுக்கினார். திரை வெள்ளையானது. சக்கரம் இல்லை, நாணயம் இல்லை, ஒன்றும் இல்லை.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

மதினி எழுந்து சேலையை உதறிக்கொண்டார். பிள்ளைகளை எழுப்பிவிடாத குரலில், ஆனால் பள்ளிக்கூடத்து டீச்சர் குரலில் சொன்னார்: “எல்லாரும் ஃபோனை எடுங்க. சக்கரம் சுத்துறவுக எல்லாரும். எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீக.”

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு ஃபோன் வெளியே வந்தது, இன்னொன்று வந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி, “டீச்சர், எங்கிட்ட இன்னும் நாப்பதாயிரம் நாணயம் இருக்கு” என்று இழுத்தாள். “இருக்கட்டும். அதைக் கொண்டுபோயி நாடார் கடையில ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா, பாப்போம்” என்றார் மதினி. சிரிப்பில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டது. இன்னொருத்தி கேட்டாள், “எங்க வீட்டுக்காரர் ஃபோன்லதான் டீச்சர் இருக்கு, நான் அமுக்கலாமா?” “அவரையும் இங்குட்டுக் கூட்டிட்டு வா, நான் அமுக்க வைக்கிறேன்.”

அமுக்கினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து மதினியிடம் வெள்ளைத் திரையைக் காட்டிவிட்டுத்தான் சத்துமாவு பாக்கெட்டை வாங்கினார்கள். மாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மதினி அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை. ஒருத்தி காட்டினாள், எல்லோரும் காட்டினார்கள்.

அந்த நேரத்தில் என் ஃபோன் அடித்தது. மேனேஜர். ஸ்பீக்கரில் போட்டேன். “மேடம், காலையிலிருந்து தமிழ்க் கோடு மட்டும் செங்குத்தாக ஏறுகிறது. எல்லோரும் கணக்கை அழிக்கிறார்கள். என்ன எழுதினீர்கள்?”

“மெயில் அனுப்பியிருக்கேன் சார். நேத்தே.”

“ஒரு வார்த்தையா? ஒரே ஒரு வார்த்தையா?”

“யாருத்தா அது?” என்றார் மதினி. சொன்னேன். ஃபோனை என் கையிலிருந்து வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “தம்பி, நல்லா இருக்கீகளா? சாப்டீகளா? இவ மதினி பேசுறேன். நீங்க நல்லா இருக்கணும். எனக்குப் போதும் தம்பி.”

மேனேஜர் என்னிடம் கேட்டார், அந்த அம்மா என்ன சொன்னார்கள் என்று.

“அதுதான் சார் அந்த வார்த்தை” என்றேன். தாய்மார்கள் அடக்க முடியாமல் சிரித்ததில் பாயில் இருந்த மொத்தப் பிள்ளைகளும் எழுந்துவிட்டன.

அன்று சாயந்திரமே என் லாகினை மூடிவிட்டார்கள். வேலை போனது. மூன்றாம் நாள் ‘நான் போறேன்’ மறுபடி வந்தது. அதற்குள் எத்தனை பேர் தப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கோடு செங்குத்தாக ஏறியது என்று அவர் வாயால் சொன்னாரே, அது போதுமானது. நான் சும்மா விடவில்லை. அந்தப் பக்கத்தின் படங்களையும் அர்த்தத்தையும் வைத்து, அந்த ஆப்பை ஃபோனில் இறக்கித் தருகிற ஆப் ஸ்டோருக்கும் நுகர்வோர் குறை கேட்கிற அலுவலகத்துக்கும் எழுதினேன். பதில் வராதபோது மறுபடி எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பட்டனில் ‘கணக்கை நீக்கு’ என்று இருந்தது. வருகிற மெசேஜிலும் ‘வாரேன்னு சொன்னீகளே’ இல்லை. என் கடிதத்தால் மாறியதா, அவர்கள் வக்கீல் பயந்தாரா, எனக்குத் தெரியாது. நான்தான் ஜெயித்தேன் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது மறுத்தால் வந்து சொல்லட்டும்.

அதற்கெல்லாம் முன்பே, சூப்பர்வைசர் சொன்ன பத்து நாள் முடிவதற்குள், மதினியின் விளக்கக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன். “நீ எழுதுன வரைக்கும் போதாதா?” என்று அவரே எழுதினார். மூன்று வரிதான். பிள்ளைகளை நிறுக்காமல் எடை போட்டேன், ஃபோனில் ஆடிக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது. சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தாராம். இப்படி ஒரு விளக்கத்தை இந்த வேலையில் தான் பார்த்ததில்லை என்று சொல்லி, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். எல்லாப் பிள்ளைகளையும் தன் முன்னால் மறுபடி நிறுத்துக் காட்டச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு வேலை வெட்டி இல்லை, உதவிக்குப் போனேன். மதினி ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி மெஷினில் நிறுத்தி எடையைச் சத்தமாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதினேன். இளைத்திருந்த அந்தப் பெண் குழந்தை மெஷின் மேல் நிற்காமல் ஆடியது. மதினி அதன் இரண்டு கையையும் பிடித்து, முள் அடங்கும்வரை காத்திருந்தார். சூப்பர்வைசர் அன்றைக்கு நிறுத்ததைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. சூப்பர்வைசர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். மதினி எடையை ஒரு தடவை சொன்னார், மறுபடி ஒரு தடவை ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எழுதுத்தா. இதையாவது ஒழுங்கா எழுது.”